சங்கிலி சாரின் மேற்கு எல்லை

கல்லூரி முதல்வர் தன் அறைக் கதவைச் சாத்த முயன்றார். கட்டிய நாளிலிருந்து சாத்தியே பழக்கமில்லாத கதவு அது. தாழ்ப்பாள் துருப்பிடித்து, ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன் என்று அடம்பிடித்தது. கடைசியில் ஒரு நாற்காலியை இழுத்து அண்டக் கொடுத்து, அதிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"நம்ம நிலம் குறையுது," என்றார் தணிந்த குரலில்.

எதிரே நின்றவர் அந்தக் கிராமத்து அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் சர்வே பாடம் நடத்துகிற ஆசிரியர். மாணவர்கள் வைத்த பெயர் சங்கிலி சார். நிலம் அளக்கும் இரும்புச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் அலைகிற மனிதருக்கு வேறு என்ன பெயர் கிடைக்கும்? கோபம் வந்தால் அவர் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவாள்.

"எந்தப் பக்கம் சார்?"

"மேற்கால. கேட்லேர்ந்து மேற்கு எல்லைக் கல்லு வரைக்கும் உங்க பசங்க அளந்த அளவை, சுவத்துல தொங்குற பழைய நிலப்படத்தோட வெச்சுப் பார்த்தேன். ஒரு லாரி நின்னு திரும்புற அகலம் காணோம்."

"காணோம்னா?"

"காணோம்னா காணோம்தான். பூமி என்ன பருத்தித் துணியா, துவைச்சா சுருங்க? யாரோ கல்லை நகர்த்தியிருக்காங்க."

மேற்கு எல்லைக்கு அந்தப்புறம் இருப்பது ஒரு செங்கல் சூளை. அது சங்கிலி சாருடைய மாமனாரின் சூளை. இந்த விவரம் இருவருக்குமே தெரியும் என்பதால், இருவரும் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு முதல்வர் விஷயத்தைப் பிரித்து வைத்தார். அடுத்த மாதம் ஆய்வுக்குழு வருகிறது. தனிக் கல்லூரியாக நிற்க இவ்வளவு நிலம் வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. இந்தக் கல்லூரிக்கு அந்த விதிக்குச் சரியாக நிலம் உண்டு, ஒரு முழம்கூட அதிகம் கிடையாது. குறைந்தால் நகரத்துக் கல்லூரியோடு சேர்த்துவிடுவார்கள். லேத் இயந்திரங்கள் லாரி ஏறும். ஆசிரியர்கள் திசைக்கு ஒருவராகப் போவார்கள். கேட்டுக்குப் பூட்டு.

"சர்வே ஆசிரியர் கையெழுத்தோட ஒரு அறிக்கை கொடுத்தா, ஆக்கிரமிப்புன்னு வழக்குப் போட்டுடலாம். நிலம் எங்களுதுதான், வழக்குல இருக்குன்னு குழுகிட்ட சொல்லித் தப்பிச்சுக்கலாம்."

"நான் கையெழுத்துப் போடலேன்னா?"

"போடாம இருக்கலாம். உங்க மாமனார், உங்க இஷ்டம்." முதல்வர் எழுந்து நாற்காலியை நகர்த்தினார். கதவு தானாகத் திறந்துகொண்டது. "ஆனா பொட்டியைக் கட்டிக்கிட்டு எந்த ஊருக்குப் போறதுன்னு இப்பவே யோசிச்சு வெச்சுக்குங்க. எனக்கும் சேர்த்து."

*

சந்தேகப்படக் காரணம் இல்லாமல் இல்லை. அந்த நிலமே ஒரு காலத்தில் சூளைக்காரர் வீட்டு நிலம்.

நுழைவாயில் கல்லில் 'நன்கொடை' என்று பெரிதாக வெட்டியிருக்கிறது. கொடுத்தது மாமனாரின் அப்பா. அவர் பேரம் பேசாமல் மூச்சுகூட விடாத பரம்பரை. கொடுத்த நிலமோ கல்லும் உப்பும். ஆடு மேயப் போனால் ஏமாந்து திரும்பும். அதைக் கொடுக்கவும் ஒரு நிபந்தனை போட்டார்: கல்லூரிக்குப் போடுகிற சாலை தன் சூளையை ஒட்டித்தான் போக வேண்டும். அரசாங்கம் சாலை போட்டது. அந்தச் சாலை வழியாகவே கல்லூரிக் கட்டடத்துக்கான செங்கல் போனது. எந்தச் சூளைச் செங்கல் என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தது ஒரே சூளைதான். நிலத்தைச் சும்மா கொடுத்து, அதன் மேல் நிற்கிற சுவரை விலைக்கு விற்றவர் என்று ஊர் சிரித்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

கல்லூரி முதலில் நடந்தது ஒரு பழைய பருத்திக் கிடங்கில். மழை பெய்தால் கரும்பலகை தானே அழிந்துவிடும். முதல் முதல்வர் சைக்கிள் கேரியரில் தியோடலைட் என்கிற நில அளவைக் கருவிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கியவர். முதல் அணி மாணவர்களை வைத்தே நிலத்தை அளந்தார், அந்தச் சுவர்ப் படத்தை வரைந்தார், எல்லைக் கல் நட்டார், கட்டடங்களுக்குக் கயிறு பிடித்தார். ரம்பப் பல் மாதிரிக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப், அதன் பின்னால் லேத் கூடம், எதிரே சிவில் துறையின் நீண்ட வராந்தா, கடைசியில் விடுதி. சிவில் வராந்தாத் தரையில் இரண்டு பித்தளைக் குமிழ்களைப் பதித்தார். இரண்டுக்கும் நடுவே சரியாக ஒரு சங்கிலி நீளம், இருபது மீட்டர். அளக்கப் போகிறவன் முதலில் தன் சங்கிலியை அங்கே நீட்டிச் சரிபார்த்துவிட்டுத்தான் படி இறங்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகியும் சட்டம் போகவில்லை. இடையில் ஒரு மந்திரி வருகைக்காக வராந்தாவுக்குப் பளபளவென்று டைல்ஸ் போட்டார்கள். அதற்கு நடுவிலும் அந்தக் குமிழ்கள் தினமும் துடைக்கப்பட்டு மின்னும்.

வராந்தாவுக்கும் லேத் கூடத்துக்கும் நடுவே ஒரு வேலிச்செடி வரிசை. இந்தப் பக்கம் சிவில், அந்தப் பக்கம் மெக்கானிக்கல். என்றைக்கோ ஒரு ஸ்டோர் ரூம் யாருக்கு என்று ஆரம்பித்த சண்டை. சண்டை போட்டவர்களெல்லாம் ஓய்வு பெற்றுப் போனார்கள், சண்டை மட்டும் பணியில் தொடர்ந்தது. ஒரு சுத்தியல்கூட அந்த வேலியைத் தாண்டியதில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை சங்கிலி சார் மனைவியோடு மாமனார் வீட்டுக்குச் சாப்பிடப் போனார். சாப்பாடு சாக்குதான்.

சூளைக்காரர் வாசலிலேயே நின்றார். பல் டாக்டரிடம், இரண்டு பல்லைச் சேர்த்துப் பிடுங்கினால் மூன்றாவதை என்ன விலைக்குப் பிடுங்குவீர்கள் என்று கேட்ட மனிதர். கேட்ட விலைக்குப் பிடுங்கிக்கொண்டு வந்தார் என்றும் சொல்வார்கள்.

சாப்பிட்ட கையோடு மாப்பிள்ளை காலாற நடப்பதுபோலச் சூளைப் பக்கம் போனார். சுடாத பச்சைச் செங்கல் காயும் களம், புகைக்கூண்டு, செங்கல் உடைசல் குவியல் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. எல்லையை ஒட்டி மட்டும் புதிதாக ஒரு பாதை. லாரிச் சக்கரம் ஆழமாகப் பதிந்திருந்தது. பாதை ஓரத்தில் கல்லூரியின் மேற்குக் கல். கல்லின் அடியில் புது சிமெண்ட்.

"என்ன மாப்பிள்ளை, சூளையை இன்னைக்குத்தான் பொண்ணு பார்க்க வந்த மாதிரி பார்க்கிறீங்க?" பின்னாலேயே வந்திருந்தார் மாமனார்.

"பாதை அகலமா இருக்கேன்னு பார்த்தேன் மாமா."

"லாரி திரும்ப வேண்டாமா? வண்டி பெருத்தா பாதையும் பெருக்கணும்."

"இடம் எங்கேர்ந்து கிடைச்சுது?"

"எங்கேர்ந்து கிடைக்கும்? அப்பா காலத்து உடைசல் மலையா கெடந்துச்சு. அள்ளிப் பள்ளத்துல கொட்டினேன், இடம் வந்துடுச்சு."

"கல்லுக்கு அடியில புது சிமெண்ட் இருக்கு."

"லாரிக்காரன் பின்னால எடுக்கிறேன்னு முட்டிட்டான். சாஞ்சு கெடந்துச்சு, ஆளை விட்டு நிமித்தி வெச்சேன். சர்க்கார் கல்லு சாஞ்சு கெடந்தா நாளைக்கு யார் தலையில விடியும்? என் தலையிலதானே."

கடைக்காரன் விலை சொல்வதுபோல ஒவ்வொரு பதிலும் உடனே வந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் பதிலைக் கையிலேயே வைத்திருக்கிறவனிடம் சரக்கு வாங்காதே என்று சங்கிலி சாருக்குச் சொல்லிக்கொடுத்தவரே இந்த மாமனார்தான். சங்கிலி சார் கல்லைக் காலால் மெல்ல அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. அதுவும் சந்தேகமாக இருந்தது.

திரும்பி வரும்போது மனைவி கேட்டாள்: "அது என்ன அப்படி ஒரு விசாரணை? ஸ்டேஷன்ல உட்கார வெச்சுக் கேக்கிற மாதிரி."

"சும்மா பேசிட்டிருந்தேன்."

"நீங்க சும்மா பேசி நான் பார்த்ததே இல்ல."

*

மறுநாள் சங்கிலி சார் இரண்டாம் ஆண்டு மாணவர்களை அழைத்துக்கொண்டு கிளம்பினார். கல்லூரியில் இரும்பு டேப் ஒன்று இருந்தது. அது நடுவில் ஒடிந்து, புதிது கேட்டு எழுதியும் வராததால், அலமாரியில் சுருண்டு கிடந்தது. ஆகவே எப்போதும்போலச் சங்கிலிதான். வராந்தாவில் நீட்டினார்கள். ஒரு கைப்பிடி இந்தக் குமிழில், மறு கைப்பிடி அந்தக் குமிழில். மயிரிழை பிசகவில்லை. தானே குனிந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இன்னொரு தடவை பார்த்தார். சங்கிலி சரி.

கேட்டிலிருந்து மேற்குக் கல் வரை நேராகப் போகிற கோடு ஒன்றுதான் அந்த வளாகத்தில் மரமோ முள்ளோ குறுக்கிடாத கோடு. வருஷா வருஷம் மாணவர்களின் முதல் பயிற்சியே அதுதான்; அளவைச் சுவர்ப் படத்தோடு ஒப்பிட மட்டும் இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை. அளந்தார்கள். லாரி அகலம் குறைந்தது. சங்கிலியைப் பிடிக்கிற ஆட்களை மாற்றி அளந்தார்கள். குறைந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து ஆரம்பித்து அளந்தார்கள். கல் ஒன்றும் மனம் இரங்கவில்லை.

சூளையில் செங்கல் ஏற்றுகிற ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் தலைத்துண்டை உதறிக்கொண்டு சூளை ஆபீஸ் பக்கம் போனதைச் சங்கிலி சார் கவனித்தார். சேதி போகிறது என்று குறித்துக்கொண்டார். மடியில் கனம் இல்லாதவருக்கு எதற்கு இவ்வளவு அவசரம்?

அன்று மாலை வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சொல்லி முடித்ததும் அவள் அடுப்பை அணைத்தாள்.

"எங்கப்பா தராசுல உட்கார்ந்த ஈயைக்கூட எடையில சேர்ப்பார். இல்லேன்னு சொல்லல. ஆனா தராசுல கை வைக்க மாட்டார்."

"சங்கிலி பொய் சொல்லாது."

"அப்ப எங்கப்பா பொய் சொல்றாரா?"

"நான் அப்படிச் சொல்லல."

"பின்ன எப்படிச் சொன்னீங்க? அதை மட்டும் அளந்து சொல்லுங்க." அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "கையெழுத்துப் போடுங்க, வேண்டாம்னு சொல்லல. அது உங்க வேலை. ஆனா போடறதுக்கு முன்னால அவர் மூஞ்சியைப் பார்த்து நேராக் கேளுங்க. கேக்கலேன்னா நான் கேப்பேன்."

சங்கிலி சார் கேட்கவில்லை. மூன்று பிள்ளை பெற்ற மனிதருக்கு மாமனார் முகத்தைப் பார்த்து 'நீங்கள் திருடினீர்களா' என்று கேட்க நாக்கு வரவில்லை. முதல்வர் தட்டச்சு செய்து கொடுத்த அறிக்கையைப் பையில் வைத்துக்கொண்டே அலைந்தார். பேனாவை எடுப்பார், மூடியைக் கழற்றுவார், மாட்டுவார்.

*

கேட்டது அவள்தான் போலிருக்கிறது. இரண்டாம் நாள் காலை வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே சூளைக்காரர் ஸ்கூட்டரில் வளாகத்துக்குள் வந்து இறங்கினார். கையில் வட்டமான தோல் உறை ஒன்று.

சங்கிலி சார் வெளியே வந்தார். வேப்பெண்ணெய் குடித்தவர் மாதிரி நின்றார்.

"மாப்பிள்ளை, ரெண்டு நாளா எனக்குத் தூக்கம் இல்ல," என்றார் சூளைக்காரர். "ஆளுங்க வந்து, உங்க மருமகன் எல்லையை அளந்துகிட்டே இருக்கார்னாங்க. சரிதான், பாகம் கேக்கப் போறார், அதுக்குத்தான் அளவு எடுக்கிறார்னு நெனச்சேன். நேத்து பொண்ணு வந்து கத்தினப்புறம்தான் தெரிஞ்சுது, வெறும் திருட்டுப் பட்டம்னு. அப்பாடான்னு இருந்துச்சு."

"மாமா, நான் அப்படி ஒண்ணும்..."

"விடுங்க. யாவாரத்துல மொதல் சந்தேகம் சொந்தக்காரன் மேலதான் வரணும். நானா இருந்தாலும் என்னைத்தான் சந்தேகப்படுவேன். எத்தனை பக்கம் அளந்தீங்க?"

"இந்த ஒரு பக்கம்தான்."

"ஏன்?"

"தெற்கால ஏரி. வடக்கால அரசாங்க நாற்றுப் பண்ணை. அங்க யார் மேல சந்தேகப்படறது?"

சூளைக்காரர் அவரை ஒரு நிமிஷம், அழுகின காயைத் திருப்பிப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "எவன் மேல சந்தேகமோ அவன் மூட்டையை மட்டும் நிறுத்தா, குறையறது அவன் மூட்டையாத்தான் இருக்கும். எல்லா மூட்டையையும் தூக்கி வைங்க."

தெற்குக் கல் ஏரிக்கரையில் முள்ளுக்குள் கிடந்தது. பாதையே இல்லை. மாணவர்கள் முள்ளை வெட்டி வழி செய்தார்கள். சூளைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரும் சங்கிலியை வளைத்துப் பிடித்துவிடாமல் அளவுக்காகத் தரையில் அடித்த ஒவ்வொரு முளையிலும் போய் நின்று பார்த்தார். ஏரிக்கல்லிலிருந்து நாற்றுப் பண்ணைக் கல் வரைக்கும் அளந்து முடித்து, சங்கிலி சார் பழைய படத்தின் நகலை விரித்தார்.

இங்கேயும் குறைந்தது.

"ஏரியும் லாரி விடுதா மாப்பிள்ளை?" என்றார் மாமனார்.

சங்கிலி சார் கீழே உட்கார்ந்து மண்ணிலேயே கணக்குப் போட்டார். மேற்கே நூற்றுக்கு ஒன்று சொச்சம். தெற்கு வடக்கில் நூற்றுக்கு அதே ஒன்று, அதே சொச்சம். திருடுகிறவன் எங்கே தோதுப்படுகிறதோ அங்கே எடுப்பான். நான்கு பக்கமும் விகிதம் பார்த்துத் திருடுகிறவன் கிடையாது. அவர் நிமிர்ந்து, தன் தோளிலிருந்து இறங்கிக் கிடந்த சங்கிலியை முதல் தடவையாக, சொந்தக்காரனைப் பார்ப்பதுபோலச் சந்தேகமாகப் பார்த்தார்.

சூளைக்காரர் தோல் உறையைத் திறந்தார். உள்ளே புத்தம் புதிய இரும்பு டேப். சங்கிலிக்குப் பக்கத்தில் நீட்டினார்கள். டேப்பின் இருபது மீட்டரைவிடச் சங்கிலி ஒரு சாண் நீளமாக இருந்தது.

சங்கிலியில் நூறு கண்ணி. கண்ணிக்குக் கண்ணி நடுவே வளையங்கள். வருஷா வருஷம் பிள்ளைகள் இழுக்க இழுக்க, வளையம் வளையத்தோடு தேய்ந்து, ஒவ்வொன்றும் நகக்கண் அளவு இடம் கொடுத்தால் மொத்தத்தில் ஒரு சாண் நீண்டுவிடும். நீண்டுபோன சங்கிலியால் அளந்தால் பூமி சுருங்கித்தான் தெரியும். இதைச் சங்கிலி சாரே வருஷம் தவறாமல் பாடம் நடத்தியிருக்கிறார். ஆனால் குமிழ்? குமிழில் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்ததே. அப்படியானால் தப்பு சங்கிலியில் இல்லை, டேப்பில். டேப் யாருடையது?

அவர் டேப்பின் நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தார். சில வியாபாரிகள் நுனியில் கொஞ்சம் நறுக்கிவிட்டு வளையத்தை மறுபடி பூட்டுவார்கள் என்று கேள்வி. பூஜ்யம் பூஜ்யமாகத்தான் இருந்தது.

"இந்த டேப்பை எங்க வாங்கினீங்க மாமா?"

"கடையில. பின்ன என்ன, மரத்துலயா காய்ச்சுது?"

*

முதல்வர் நடந்ததைக் கேட்டுவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அதாவது, யார் மேல சந்தேகமோ அவர் கொண்டுவந்த டேப்பை வெச்சு, அவரையே விடுதலை பண்றீங்க."

"ஏரிப் பக்கமும் குறையுது சார்."

"நாற்றுப் பண்ணைக்காரன் நகர்த்தியிருப்பான். அரசாங்க ஆளுன்னா யோக்கியனா? நானே அரசாங்க ஆளுதான்." அவர் வராந்தாவைக் காட்டினார். "குமிழ் இருக்கு. சங்கிலி குமிழ்ல உட்காருது. அதுக்கு மேல சாட்சி வேணுமா?"

நியாயமான பேச்சு. சங்கிலி சாருக்கும் மறுக்க வழியில்லை. மாமனாரின் டேப்பும் வேண்டாம், தன் சங்கிலியும் வேண்டாம். யாருக்கும் சொந்தமில்லாத மூன்றாவது அளவு ஒன்று வேண்டும். சுற்றும் முற்றும் பார்த்தார். வேலிச்செடிக்கு அந்தப்புறம் லேத் ஓடுகிற சத்தம் கேட்டது. அங்கே மயிரிழையில் நூறில் ஒரு பங்கைப் பார்க்கிற மனிதர்கள் இருந்தார்கள்.

"மெக்கானிக்கல்ல மீட்டர் ஸ்கேல் இருக்கும் சார். எஃகு."

முதல்வர் முகம் சுருங்கியது. அவரும் சிவில்காரர். "அவங்ககிட்டயா?"

"கல்லூரி போயிடும் சார்."

சங்கிலி சார் வேலியைத் தாண்டினார். மெக்கானிக்கல் துறைத் தலைவர் கைத்துணியில் எண்ணெயைத் துடைத்துக்கொண்டே விஷயத்தைக் கேட்டார். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை மறைக்க அவர் பெரிய முயற்சி எதுவும் எடுக்கவில்லை.

"சிவில்காரங்க எங்ககிட்ட அளவு கேட்டு வர்றதா? ஸ்கேலை மட்டும் தர்றதா இல்ல சார். நானும் கூட வருவேன். இதைப் பார்க்காம நான் ரிட்டையர் ஆக முடியாது."

வராந்தாவில் எஃகு ஸ்கேலை நுனிக்கு நுனி வைத்து நகர்த்தினார்கள். ஒவ்வொரு நகர்வுக்கும் துறைத் தலைவர் பென்சிலைச் சீவிக் கோடு போட்டார். ஒரு பக்கம் முதல்வர், மறு பக்கம் சூளைக்காரர், ஒருவரை ஒருவர் நம்பாமல் கூடவே குனிந்து நடந்தார்கள். இருபது மீட்டர் முடிந்தது. குமிழ் இன்னும் வரவில்லை. ஒரு சாண் தள்ளி, பளபளவென்று, எதுவும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தது.

துறைத் தலைவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு மூக்கைச் சொறிந்தார்.

"முதல் முதல்வர் தப்பா வெச்சிருக்க மாட்டார்," என்றார் சங்கிலி சார். "டைல்ஸ் போட்டப்ப இதைப் பேர்த்தாங்களா சார்?"

"பேர்த்தாங்க," என்றார் முதல்வர். "அப்ப நான்தான் சிவில் துறைத் தலைவர். கொத்தனாரை நம்பல. குமிழ் ரெண்டையும் என் மேஜையிலேயே வெச்சுப் பூட்டினேன். டைல்ஸ் முடிஞ்சதும் நானே முட்டி போட்டு உட்கார்ந்து, என் கையால பதிச்சேன்."

"எதை வெச்சு சார் அளந்தீங்க?"

முதல்வர் வாயைத் திறந்தார். எதிரே கிடந்த சங்கிலியைப் பார்த்தார். வாயை மூடினார்.

"சங்கிலியை வெச்சா?" என்று கேட்டார் சூளைக்காரர், ரொம்ப மரியாதையாக.

"வேற என்ன இருந்துச்சு இங்க?"

"வேலிக்கு எங்க பக்கம் ஒரு குரல் கொடுத்திருந்தா நாங்க ஸ்கேல் தந்திருப்போமே," என்றார் மெக்கானிக்கல் துறைத் தலைவர்.

"தந்திருக்க மாட்டீங்க," என்றார் முதல்வர்.

துறைத் தலைவர் கொஞ்சம் யோசித்தார். "அதுவும் உண்மைதான்," என்றார்.

திருடனே போலீஸ் ஸ்டேஷன் கட்டினதுபோல, நீண்டுபோன சங்கிலியை வைத்துக் குமிழ் பதித்து, அந்தக் குமிழை வைத்தே சங்கிலியைச் சோதித்து, இத்தனை வருஷம் சங்கிலி நல்ல பிள்ளை என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டிருந்தது. சங்கிலி சார் பையிலிருந்து அறிக்கையை எடுத்து முதல்வரிடம் நீட்டினார். முதல்வர் வாங்கி, எட்டாக மடித்து, ஆடுகிற மேஜைக் காலுக்குக் கீழே வைக்கச் சொல்லி அலுவலகத்துக்குக் கொடுத்தனுப்பினார்.

*

சூளைக்காரரின் டேப்பை எஃகு ஸ்கேலோடு வைத்துப் பார்த்தார்கள். சரியாக இருந்தது. அதைக் கொண்டே அன்று பிற்பகல் வளாகம் முழுவதையும் அளந்தார்கள். ஏரிப் பக்கம் சரி. பண்ணைப் பக்கம் சரி. கடைசியாகக் கேட்டிலிருந்து மேற்குக் கல்லுக்கு வந்தார்கள். கல்லூரி பிழைத்துவிட்டது என்று எல்லோருக்கும் அதற்குள் தெரிந்துபோயிருந்ததால், அந்தக் கடைசி அளவில் யாருக்கும் பெரிய அக்கறை இல்லை. சூளைக்காரரைத் தவிர.

"படிங்க மாப்பிள்ளை."

"சரியா இருக்கு மாமா."

"சரியான்னா எவ்வளவு?"

"ஒரு அரைச் சாண் கூட இருக்கு. அவ்வளவு நீளத்துக்கு அரைச் சாண் எல்லாம் ஒரு ஏற்ற இறக்கம்தான்."

சூளைக்காரர் டேப்பை விடவில்லை. "அதாவது கல்லு என் பக்கம் அரைச் சாண் தள்ளி நிக்குது."

"லாரி முட்டினப்ப நிமித்தினீங்களே, ஆளுங்க கொஞ்சம் தள்ளி வெச்சிருப்பாங்க."

"குறைஞ்சா திருட்டு. கூடினா ஏற்ற இறக்கமா?"

சங்கிலி சார் சிரித்துவிட்டார். மாமனார் சிரிக்கவில்லை. டேப்பை நிதானமாகச் சுற்றி, உறையில் போட்டு, பித்தானை மாட்டினார். "குழு வந்துட்டுப் போகட்டும்," என்றார்.

குழு வந்தது. அவர்கள் தங்கள் டேப்பைக் கொண்டுவந்திருந்தார்கள். சங்கிலி சார் வாசலிலேயே அவர்களை நிறுத்தி, தப்பாக நினைக்கக் கூடாது என்று சொல்லி, அந்த டேப்பை மெக்கானிக்கல் ஸ்கேலோடு வைத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே விட்டார். நிலம் விதிக்குக் குறையாமல் இருக்கிறது என்று எழுதிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள். குமிழ்கள் மறுபடி பெயர்க்கப்பட்டன. இந்தத் தடவை பதித்தபோது மெக்கானிக்கல்காரர் ஸ்கேலைப் பிடிக்க, முதல்வர் முட்டி போட்டார். நகர்த்து என்று ஒருவரும் நகர்த்தாதே என்று மற்றவரும் சொல்லிக்கொண்டிருந்ததில் ஒரு காலைப்பொழுது போயிற்று.

அதற்கு அடுத்த வாரம் சங்கிலி சார் புது மாணவர்களோடு மேற்குக் கல் வரை வந்தார். கல்லின் அடியில் மறுபடி புது சிமெண்ட். இன்னும் ஈரம்.

அந்தப்புறம் சூளைக்களத்தில் மாமனார் யாரிடமோ செங்கல் விலை பேசிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவேயில்லை. திரும்பாமல் இருந்த விதத்திலேயே அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது தெரிந்தது.

சங்கிலி சார் மாணவர்களைத் தண்ணீர் குடிக்க அனுப்பினார். பிறகு கேட்டிலிருந்து தானே ஆரம்பித்து, புதிதாக வந்திருந்த இரும்பு டேப்பை ஆணியில் மாட்டி, ஆணி பெயர்த்து, மறுபடி மாட்டி, தனியாகவே அளந்துகொண்டு வந்தார். அவசரப்படவில்லை. கல்லின் முகத்தில் டேப்பை வைத்துக் குனிந்து படித்தார். கண்ணாடியைத் துடைத்து இன்னொரு முறை படித்தார்.

படத்தில் இருந்த அளவு. ஒரு விரல்கூடக் கூடவில்லை. குறையவும் இல்லை.

அவர் டேப்பைச் சுற்றிக்கொண்டு நிமிர்ந்தபோது, களத்திலிருந்து மாமனார் குரல் கொடுத்தார்.

"என்ன மாப்பிள்ளை, சரியா இருக்கா?"

"இருக்கு மாமா."

"ஏரிப் பக்கம் அளந்தீங்களா?"

"இனிமேதான்."

"அளந்துடுங்க," என்று சொல்லிவிட்டு, அவர் மறுபடி செங்கல் விலைக்குத் திரும்பினார். சங்கிலி சார் மாணவர்களைக் கூப்பிட்டுக்கொண்டு ஏரியைப் பார்க்க நடந்தார்.